ஏரோசல் அளவீடு: மோடிஸ், மிசர், காலியோப் – ஓர் ஒப்பீடு

காற்றில் மிதக்கும் தூசி, புகை, கடலுப்புத் துகள்கள் ஆகிய ஏரோசல்களை விண்ணிலிருந்து அளக்க முற்படும் எவருக்கும் முதல் இடையூறு தரைதான். செயற்கைக்கோளை எட்டும் ஒளியில் துகள் சிதறடித்தது எவ்வளவு, தரை எதிரொளித்தது எவ்வளவு என்று பிரித்தறிய வேண்டும். இதற்கு மோடிஸ், மிசர், காலியோப் என்னும் மூன்று செயற்கைக்கோள் கருவிகளும் மூன்று வழிகளைக் கையாள்பவை.

டெர்ரா (1999), அக்வா (2002) செயற்கைக்கோள்களில் ஏவப்பட்ட மோடிஸ், 2,330 கி.மீ. அகலத்தை ஒரே வீச்சில் பார்ப்பதால், ஓரிரு நாளில் உலகையே சுற்றி அளந்துவிடுகிறது. நுண்ணிய புகைத்துகள்களை ஏறக்குறைய ஊடுருவிச் செல்லும் 2.1 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் தரையின் எதிரொளிப்பைக் கண்டு, அதிலிருந்து நீல, சிவப்பு நிறங்களில் தரையின் பங்கைக் கணிப்பது அதன் உத்தி. தாவரங்கள் அடர்ந்த நிலத்தில் இது நன்கு பலிக்கிறது; மணற்பரப்பில் பலிப்பதில்லை என்பதால், அங்கே பாலைநிலம் இருண்டு தெரியும் நீல ஒளியை நம்பும் வேறொரு கணிப்புமுறை தேவைப்படுகிறது. துகள்கள் ஒளியை எவ்வளவு மறிக்கின்றன என்பதைச் சொல்லும் எண்ணே ஒளியியல் தடிமன்; நிலத்தின் மேல் அதில் எதிர்பார்க்கப்படும் பிழை 0.05 உடன் அந்த அளவின் 15 விழுக்காடு. அதாவது ஒளியியல் தடிமன் 0.2 என்றால் பிழையே 0.08 வரை போகலாம். தெளிந்த வானில் இது சிறிய பிழையன்று.

அதே டெர்ராவில் உள்ள மிசர், ஒரே இடத்தை ஏழு நிமிடங்களுக்குள் ஒன்பது கேமராக்களால் ஒன்பது கோணங்களில் பார்க்கிறது. 70.5 பாகைச் சாய்வில் ஒளி கடக்கும் பாதை செங்குத்துப் பாதையைப்போல் மும்மடங்கு என்பதால், நேர் கீழே பார்க்கையில் புலப்படாத மெல்லிய மூட்டமும் சாய்வில் பளிச்சென்று தெரியும். உருண்டைத் துகளையும் ஒழுங்கற்ற தூசியையும் இது வேறுபடுத்துகிறது. பாலைநிலத்தின் மேல் துகளின் வகையை அறிய, என் தேர்வு இதுவே. ஆனால் பார்வையின் அகலம் சுமார் 380 கி.மீ. மட்டுமே, நிலநடுக்கோட்டுப் பகுதியை முழுதும் பார்க்க ஒன்பது நாள் ஆகும் என்பதால், இரண்டே நாள் வீசும் தூசிப்புயல் இதன் கண்ணுக்குத் தப்பிவிடக்கூடும்.

காலியோப் (2006–2023) தானே லேசர் ஒளியைப் பாய்ச்சியதால் இரவும் வெண்மணலும் அதற்குத் தடையாகவில்லை. தாழ்ந்த வளிமண்டலத்தில் 30 மீட்டர் நுணுக்கத்தில் புகை எந்த உயரத்தில் நிற்கிறது என்று காட்டியது. மற்ற இரண்டும் அத்தனை நுணுக்கமாக இதைச் சொல்வதில்லை. எனினும் அது அளந்தது சுமார் 70 மீட்டர் அகலமுள்ள ஒரு கோட்டை மட்டுமே. துகளின் வகையைத் தவறாக ஊகித்தால் ஒளியியல் தடிமனும் தவறிவிடும்.

துகள் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை மூன்றுமே உறுதியாகச் சொல்வதில்லை. அதற்கு ஒளியின் தளவிளைவையும், அதாவது ஒளியலைகள் எந்தத் தளத்தில் அதிர்கின்றன என்பதையும், பல கோணங்களில் அளக்க வேண்டும்; 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட பேஸ் செயற்கைக்கோளின் ஹார்ப்-2, ஸ்பெக்ஸ்-ஒன் கருவிகள் அவ்வாறு அளக்க அனுப்பப்பட்டவை.