மோட்டார் எங்கே இருக்க வேண்டும்: மீன் தொட்டியிலா, சம்ப்பிலா?

வீட்டில் அக்வாபோனிக்ஸ், அதாவது மீன் தொட்டி நீரைச் சுற்றவிட்டுச் செடி வளர்க்கும் முறை, அமைப்பவர்கள் நீர் இறைக்கும் மோட்டாரின் திறனைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். அதைவிட முக்கியம், அது உட்காரும் இடம். மீன் தொட்டிக்குள்ளேயே வைக்கலாம். தாழ்வாகத் தனி சம்ப், அதாவது நீர் வந்து சேரும் கீழ்த்தொட்டி, வைத்து அதிலும் இறக்கலாம். என் மாடியில் நான் வைத்தது சம்ப்.

மீன் தொட்டியில் வைத்தால் செலவும் இடமும் மிச்சம். ஒற்றைச் செடித் தொட்டியோடு தொடங்குபவருக்கு அது போதும்.

ஆனால் கோளாறு வந்தால் எந்தத் தொட்டியின் தண்ணீர் போகிறது? புதினா வேர் வடிகுழாயை அடைத்தாலும், குழாய் இணைப்பு கழன்றாலும் மோட்டார் நிற்காது. மீன் தொட்டியில் இருக்கும் மோட்டார், தான் உறிஞ்சும் மட்டம் வரை நீரை இறைத்துத் தீர்த்துவிடும். சம்ப் முறையில் நீர் மீன் தொட்டிக்கு ஏறி, அதன் மேல்மட்டக் குழாய் வழியாகச் செடிகளுக்கு வழிந்து, மறுபடி சம்ப்புக்கு இறங்குகிறது. எது உடைந்தாலும் முதலில் வற்றுவது சம்ப்தான். வற்றிய சம்ப்பில் மோட்டார் கருகாமல், நீர் மட்டம் இறங்கினால் அதை நிறுத்தும் மிதவை சுவிட்ச் பார்த்துக்கொள்ளும். ஆவியாகும் நீரின் குறையும் சம்ப்பிலேயே தெரிந்துவிடும்.

இதற்கு விலை உண்டு: சம்ப்பின் அளவில் கஞ்சத்தனம் கூடாது. ஒரு மீட்டர் நீளமும் அகலமும், 30 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள, ஜல்லி நிரப்பிய செடித் தொட்டியின் கொள்ளளவு 300 லிட்டர். ஜல்லிகளுக்கு நடுவே இடைவெளி 40 சதவீதம் என்று வைத்தால் 120 லிட்டர் வரை நீர் நிற்கும். மின்சாரம் போனதும் அதில் வடியக்கூடியதெல்லாம் சம்ப்புக்குத்தான் வரும். மோட்டார் ஓடும்போது சம்ப்பை விளிம்புவரை நிரப்புகிறவர்கள் மின்தடையன்று மாடியைக் குளமாக்குவார்கள். மோட்டாரை நிறுத்தி, எல்லாம் வடிந்த பிறகு நிரப்பி, மீண்டும் ஓடவிட்டு, அப்போது நிற்கும் மட்டத்தில் கோடு போடுங்கள். கோட்டுக்கு மேல் நிரப்பாதீர்கள். மழைக்காலத்துக்கென்று சம்ப்பிலும் ஒரு வழிகுழாய் தேவை.

மீன் தொட்டிக்கு ஏறும் குழாயின் வாய் நீருக்கு மேலே இருக்கட்டும். மூழ்கியிருந்தால், மோட்டார் நின்றவுடன் நீர் அதே வழியில் சம்ப்புக்குத் திரும்பி இறங்கும். உள்ளே வரும் குழாய் 25 மில்லிமீட்டர் என்றால் வெளியேறுவது 50 ஆக இருப்பது நல்லது. அதன் வாயில் வலை கட்டி, சருகு சேராமல் பார்க்க வேண்டும்.

பல செடித் தொட்டிகளை ஒரே சம்ப்பில் இணைப்பதில் எனக்கு அனுபவம் குறைவு. அங்கே கணக்கு மாறக்கூடும்.

மின்சாரம் போனால், மீன்களின் மூச்சுக்காற்று விஷயத்தில் இரண்டு முறையும் ஒன்றுதான். விரால் மேலே வந்து காற்றை விழுங்கிக்கொள்ளும். கட்லா, ரோகு தாங்காது. பேட்டரியில் ஓடும் சிறு காற்று மோட்டாரை எந்த முறைக்கும் சேர்த்தே வாங்குங்கள்.