மூளைப் படமும் அசையாத முகமும்: பெற்றோர் பயிலரங்கு ஒன்றின் மதிப்பீடு

கோவையில் ஒரு தனியார் பயிற்சி மையம் நடத்திய இரண்டு நாள் பெற்றோர் பயிலரங்கில் நானும் என் கணவரும் கலந்துகொண்டோம். இருவருக்கும் சேர்த்துக் கட்டணம் 6,000 ரூபாய். மூளை அறிவியலின் துணையோடு குழந்தையையும் இல்லறத்தையும் புரிந்துகொள்ளலாம் என்பது விளம்பரம். கொடுத்த பணத்துக்கு முதல் நாள் பிற்பகல் ஒன்றே ஈடாகிவிட்டது; முற்பகலைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன்.

முற்பகல் முழுவதும் ஊர்வன மூளை, பாலூட்டி மூளை, மனித மூளை என்று மூன்று அடுக்குகளை வண்ணப் படமாகக் காட்டினார்கள். 1960களில் நரம்பியலாளர் பால் மெக்லீன் வளர்த்தெடுத்த இந்தக் கருத்தை இன்றைய நரம்பியல் ஏற்பதில்லை; பழைய மூளையின் மேல் புதிய மாடி கட்டியதுபோலப் பரிணாமம் நடக்கவில்லை. எளிமைக்காகச் சொல்கிறோம் என்றாவது சொல்லியிருக்கலாம். ஆக்சிடோசினை 'அன்பு ஹார்மோன்' என்று அழைத்து, ஒரு நாளைக்கு இத்தனை முறை கட்டியணைக்க வேண்டும் என்று கணக்குக் கொடுத்ததும் அதே ரகம்.

பிற்பகலில் உளவியலாளர் எட்வர்ட் ட்ரானிக் 1970களில் வடிவமைத்த 'அசையாத முகம்' சோதனையின் காணொளியைத் திரையிட்டார்கள். கொஞ்சிக்கொண்டிருந்த தாய் திடீரென முகத்தைக் கல்லாக்கிக்கொள்ள, குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, விரலால் எதையோ சுட்டுகிறது, இரு கைகளையும் நீட்டுகிறது, கீச்சிடுகிறது, கடைசியில் உடைந்து அழுகிறது. என் முன்வரிசையில் இருந்தவர், அதுவரை மடியில் வைத்துத் தள்ளிக்கொண்டிருந்த கைப்பேசியைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டார். அத்துடன் நிறுத்தியிருந்தால் குற்ற உணர்ச்சியோடுதான் வீடு திரும்பியிருப்போம். ஆனால், இயல்பான தாய்–சேய் விளையாட்டிலும் பெரும்பாலான நேரம் இருவரும் ஒத்துப்போவதில்லை என்பதையும், அறுந்த இழையை மறுபடி பிடித்துக்கொள்வதில்தான் உறவு வலுக்கிறது என்பதையும் பயிற்றுநர் பொறுமையாக விளக்கினார்.

தம்பதியருக்கான அமர்வில் உளவியலாளர் ஜேம்ஸ் கோன் 2006இல் வெளியிட்ட ஆய்வு வந்தது. ஸ்கேன் கருவிக்குள் மின்அதிர்ச்சிக்காகக் காத்திருந்த 16 மனைவியரிடம், கணவரின் கையைப் பிடித்திருந்தபோது மூளையின் அச்ச எதிர்வினை தணிந்தது. மணவாழ்வு நன்றாக இருந்தவர்களிடம் கூடுதலாகத் தணிந்தது. பதினாறே பேர் என்பதைப் பயிற்றுநர் மறைக்கவில்லை. என் கணவர் கையை நீட்டினார். பேனா கேட்கிறார் என்று நினைத்துப் பேனாவைக் கொடுத்தேன்.

உணர்ச்சிக்குப் பெயர் சூட்டினால், அச்சம் போன்ற உணர்ச்சிகளில் பங்குள்ள அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் கொதிப்பு குறைவதாக உளவியலாளர் மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் கண்டதை மறுவாரமே சோதித்துப் பார்த்தேன். கணக்கு நோட்டை வீசியெறிந்த ஏழு வயது மகளிடம் வழக்கம்போல் அதட்டாமல், "கோபமா, பயமா?" என்று கேட்டேன். வெகுநேரம் கழித்து, "நாளைக்கு மிஸ் என்னை எழுப்பிக் கேப்பாங்க" என்றாள். ஆய்வில் பங்கேற்றவர்களுக்குக் காட்டியவை உணர்ச்சி தெரியும் முகங்களின் படங்கள், என் வீட்டில் நடந்தது வேறு. இருந்தாலும் பயம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டாம் நாளின் பாதி, அடுத்த கட்டப் பயிற்சிக்கு ஆள் சேர்ப்பதிலேயே போயிற்று. பதிவு செய்ய நினைப்பவர்கள், 'குழந்தைகளைக் கவனித்துக்கொள்ள வசதி உண்டு' என்ற அறிவிப்பை நம்பிப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல வேண்டாம். அது ஒரு தொலைக்காட்சிப் பெட்டி மட்டுமே இருந்த அறை.