ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற சால்டர்: கெஸ்டர் 44

எல்எம்3886 ஐசியைக் கொண்டு இரண்டு சேனல் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வீட்டில் கட்டியபோது மின் இணைப்புகளைப் பற்றவைக்கும் சால்டர் கம்பிகளில் மூன்று வகைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினேன். அவற்றுள் கெஸ்டர் 44 வரிசையின் 63/37 கலவை, 0.8 மில்லிமீட்டர் கம்பிதான் இப்போது என் மேசையில் நிலையாக இருக்கிறது.

63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்த இக்கலவை 183 டிகிரி செல்சியஸில் உருகி, அதே வெப்பநிலையில் சட்டென்று உறைந்துவிடும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 60/40 கலவையோ ஏறக்குறைய 190 டிகிரியிலிருந்து 183 வரை குழைந்த நிலையிலேயே இருக்கும். அந்தச் சில நொடிகளுக்குள் இணைக்கும் கம்பி அசைந்தால், சரியாகப் பிடிக்காத இணைப்பு, அதாவது டிரை சால்டர், உருவாகும். போர்டில் உட்கார்ந்திருக்கும் ரெசிஸ்டருக்கு இது பெரிய வேறுபாடு அன்று. ஆனால் ஆர்சிஏ சாக்கெட், வால்யூம் கன்ட்ரோல், டிரான்ஸ்பார்மர் வயர் ஆகியவற்றைக் கையால் பிடித்துக்கொண்டே பற்றவைக்கும்போது, கை நடுங்காதவர் யார்? ஆடியோ வேலையில் இத்தகைய இணைப்புகளே மிகுதி என்பதால் 63/37 கலவைக்குக் கூடுதல் விலை கொடுப்பது தகும்.

முதலில் வாங்கிய பெயர் தெரியாத ரோலில் ஃப்ளக்ஸ் (உலோகப் பரப்பைச் சுத்தமாக்கிச் சால்டரைப் பரவச் செய்யும் பொருள்) மிகக் குறைவாக இருந்ததால் சால்டர் பரவாமல் உருண்டையாக நின்றது. வால்யூமைத் திருப்பும்போதெல்லாம் ஒரு சேனல் கரகரத்தது. அந்த இணைப்புகள் அனைத்தையும் உறிஞ்சி எடுத்து மீண்டும் பற்றவைத்த பிறகே கரகரப்பு நின்றது. ஃப்ளக்ஸ் போதவில்லை என்று தகர வேலைக்கான அமிலப் பேஸ்ட்டைத் தொட்டுவிடக் கூடாது. அது போர்டிலேயே தங்கி, நாளடைவில் தாமிரத்தை அரித்துவிடும். கெஸ்டர் 44-இன் உள்ளே இருப்பது பைன் மரப் பிசினிலிருந்து வரும் ரோசின் ஃப்ளக்ஸ். சற்றே மங்கிய பழைய டேக் ஸ்ட்ரிப்பிலும் (கம்பிகளை இணைக்கும் உலோக முனைகள் கொண்ட பட்டை) அது சால்டரை நன்றாகப் பரவச் செய்கிறது.

வெள்ளி கலந்த சால்டர் ஒலியைத் தெளிவாக்கும் என்ற நம்பிக்கையை நான் ஏற்கவில்லை. சாதாரண சால்டரின் மின்தடைத்திறன் தாமிரத்தைப்போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு என்பது உண்மையே. எனினும் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள சால்டரின் தடை, அதே குறுக்குப் பரப்புள்ள தாமிரக் கம்பியின் ஒரு சென்டிமீட்டரைக்கூட எட்டாது. ஸ்பீக்கர் வயரோ பல மீட்டர் நீளம். வெள்ளி முலாம் பூசிய முனைகளில் அந்த முலாம் கரைந்துபோகாமல் காக்கவே இரண்டு சதவீத வெள்ளி கலந்த 62/36/2 கலவை பயன்படுகிறது. அந்தத் தேவை இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

மூன்றாவதாக முயன்ற காரீயமற்ற சாக்305 ஏறக்குறைய 217 டிகிரியில்தான் உருகத் தொடங்குகிறது. என் 25 வாட் சால்டரிங் அயர்ன் கனமான கிரவுண்டு இணைப்புகளில் அதனோடு திணறியது. இணைப்பு நன்றாக அமைந்தாலும் மேற்பரப்பு மங்கலாகவே தெரிவதால், புதியவர்களுக்கு நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிவது கடினம்.

கெஸ்டரிலும் குறைகள் உண்டு: விலை அதிகம், புகையும் அதிகம். அயர்ன் முனையின் 350 டிகிரி அளவிலான சூட்டில் எழுவது பெரும்பாலும் ரோசின் புகைதான், காரீய ஆவி அன்று. ஆயினும் அது ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது என்பதால் சிறிய விசிறி ஒன்று அவசியம். காரீயம் கைவழியாக வாய்க்குப் போகும், ஆகவே வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். ஃப்ளக்ஸ் விட்டுச்செல்லும் பழுப்பு நிறப் படிவைப் போர்டில் விட்டுவைக்கலாம். பார்வைக்குப் பிடிக்காதவர்கள் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிடலாம். ஸ்பீக்கர் டெர்மினல்களுக்கு மட்டும் 0.8 கம்பி மெதுவாகத்தான் நிரப்புகிறது, அவற்றுக்கென்று 1.2 மில்லிமீட்டர் கம்பியைத் தனியாக வாங்கி வைத்திருக்கிறேன்.