மும்பை தாஜ்: ஐந்து முறை தங்கிய பிறகு

2014இலிருந்து மும்பை தாஜ்மகால் பேலஸில் ஐந்து முறை தங்கியாயிற்று. நான்கு முறை வேலைக்காக, ஒருமுறை கல்யாண நாளுக்காக. முதல் தடவை கோட்டைவிட்டது நான்தான். வாடகை குறைவாக இருக்கிறதே என்று அவசரமாகப் பதிவு செய்தேன். போன பிறகுதான் அது 1970களில் பக்கத்தில் எழுப்பிய டவர் என்று புரிந்தது. அறை அருமை. ஆனால் ஆசைப்பட்டு வந்த குவிமாடக் கட்டடம் பக்கத்து வீடாகிவிட்டது.

அப்புறம் எப்போதும் பழைய பேலஸ் பகுதிதான். என்னைக் கேட்டால், நாம் கொடுக்கிற காசு அறைக்கு இல்லை, அறைக்கு வெளியே இருக்கும் தாழ்வாரத்துக்கு. நடுவில் குவிமாடம் வரை திறந்து கிடக்கும் பெரிய மாடிப்படி. கீழே தாங்கலே இல்லாமல் சுவரிலிருந்து நீண்டு நிற்கும் படிகள். ராத்திரி ஆள் நடமாட்டம் அடங்கியதும் கைப்பிடியில் சாய்ந்து கீழே பார்த்துக்கொண்டு நிற்பேன். லிஃப்ட் பக்கம் அதிகம் போவதில்லை.

ஜாம்ஷெட்ஜி டாடா கட்டிய இந்த ஓட்டல் 1903 டிசம்பரில் திறந்தது. எதிரே இருக்கும் கேட்வே ஆஃப் இந்தியா முடிந்ததே 1924இல்தான். எல்லோரும் கேட்வேயைப் பார்க்க வந்து தாஜைப் படம் எடுத்துப் போகிறார்கள். வயதில் மூத்தது தாஜ். முதல் உலகப் போரின்போது 600 படுக்கை மருத்துவமனையாகவும் இருந்திருக்கிறது. இப்போது நீச்சல் குளம் இருக்கும் பக்கம்தான் அந்தக் காலத்து வாசல்.

கல்யாண நாளன்று மனைவி வாசலிலேயே தயங்கினாள். "இங்கயாங்க தங்கப் போறோம்?" 2008 நவம்பர் பயங்கரவாதத் தாக்குதல் அவளுக்கு டிவியில் பார்த்த புகையாகவே மனதில் இருந்தது. உள்ளே, இறந்த 31 பேரின் பெயர்கள் பொறித்த நினைவிடத்தின் முன் இருவரும் கொஞ்ச நேரம் நின்றோம். எரிந்த பேலஸ் பகுதியைச் சரிசெய்து 2010 ஆகஸ்ட் 15 அன்று மறுபடி திறந்தார்கள் என்று சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் ஓட்டலுக்குள்ளேயே இருக்கும் ஸீ லவுஞ்ஜில் பேல்பூரி சாப்பிட்டபோதுதான் பேச்சு வந்தது, அதுவும் விலையைப் பற்றி!

சரி, போகிறவர்களுக்கு ஒரு யோசனை. கடல் பார்த்த அறைக்கு வாடகை கூடுதல். பகலெல்லாம் வெளியே சுற்றுபவர்களுக்கு நகரப் பக்க அறை போதும். கேட்வேயைக் காலை ஆறு மணிக்கே பார்த்துவிடுங்கள். அப்புறம் எலிஃபண்டா தீவுப் படகுக்கு வரும் கூட்டத்தில் நிற்க இடமிருக்காது. ராத்திரி பசித்தால் பின் தெருவில் படேமியா கபாப் இருக்கிறது.

ஜனவரியில் மறுபடி போகிறோம். இந்த முறை மனைவியே பதிவு செய்தாள்: பேலஸ் பகுதி, நகரப் பக்க அறை. கடலை ஸீ லவுஞ்ஜ் ஜன்னலில் பார்த்துக்கொள்ளலாமாம்.