இருக்கும் எம்4 மேக் மினியா, வரப்போகும் எம்5 மினியா?

மேக் மினி என்பது ஆப்பிளின் சிறிய மேசைக் கணினி; எம்4, எம்5 என்பவை அதை இயக்கும் சில்லின் தலைமுறைகள். 2024 நவம்பரில் வந்த எம்4 மினியைப் பற்றி ஊகிக்க ஒன்றுமில்லை: 16 ஜிபி நினைவகம், 256 ஜிபி சேமிப்பு, அமெரிக்க அறிமுக விலை 599 டாலர்.

எம்5 மினியைக் கணிக்க, 2025 அக்டோபரில் அதே எம்5 சில்லுடன் வந்த மேக்புக் புரோ மடிக்கணினியைப் பார்த்தால் போதும். நினைவக வேகம் நொடிக்கு 120 ஜிபியிலிருந்து 153 ஜிபியாக உயர்ந்திருக்கிறது. சில்லின் ஒவ்வொரு கிராபிக்ஸ் கோரிலும் (core) செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளுக்கெனத் தனி முடுக்கி. சாட்ஜிபிடி போல உரையாடும் மொழி மாதிரிகளைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டுபவர்களுக்கு இது பெரிய விஷயம். கடிதமும் கணக்கும் எழுதுபவருக்கோ வித்தியாசமே தெரியாது. 12.7 செ.மீ. சதுரப் பெட்டி மாறாது என்றே நினைக்கிறேன், அடிப்பக்கம் ஒளிந்திருக்கும் பவர் பட்டனும் (என்ன யோசனையோ!) அங்கேயேதான் இருக்கும்.

விலைதான் சிக்கல். 599ஐ விட்டுக்கொடுக்க ஆப்பிளுக்கு மனம் வராது. ஆனால் நினைவகச் சில்லுகளின் விலை ஏறிக்கிடக்கிறது. அடிப்படை விலையைத் தொடாமல், கூடுதல் நினைவகத்தில் கறந்துவிடுவார்கள் என்பது என் கணிப்பு. எம்4லேயே 16லிருந்து 24 ஜிபிக்குப் போக 200 டாலர் கேட்டார்கள். வாங்கிய பிறகு நினைவகத்தைக் கூட்டவும் வழியில்லை. அடிப்படை மாடல் போதுமென்றால் எம்4ஐத் தள்ளுபடியில் பிடித்துவிடலாம். மாதிரிகளை ஓட்ட வேண்டும் என்பவர் மட்டும் காத்திருக்கட்டும், கொஞ்சம் கூடுதல் பணத்தோடு.