பழைய எஞ்சினுக்கு எந்தப் பூச்சு: பவுடர் கோட்டிங்கா, பியூ பெயின்டா?

அம்பாசிடரையோ பத்மினியையோ பிரித்துப் புதுப்பிக்கிறவர்கள் எஞ்சின் பூச்சு என்று வந்ததும் முதலில் கேட்பது, "எது ரொம்ப நாள் உழைக்கும்?" என்பதைத்தான். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் வண்டி வைத்திருப்பவர்கள் கூடவே இன்னொன்றும் கேட்க வேண்டும்: கெட்டுப்போகும்போது எப்படிக் கெடும்? உப்புக் காற்றும் ஐப்பசி கார்த்திகை அடைமழையும் உள்ள ஊரில் எந்தப் பூச்சும் என்றைக்காவது ஓர் இடத்தில் விட்டுக்கொடுக்கும். அந்த இடம் கண்ணில் படுமா, பட்டறைக்கு அனுப்பாமல் நாமே சரிசெய்ய முடியுமா என்று பார்த்துத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

முக்கியப் போட்டி பவுடர் கோட்டிங்குக்கும் பியூ எனப்படும் பாலியூரித்தேன் பெயின்டுக்கும்தான். பவுடர் கோட்டிங் நல்ல பலசாலி. மின்னேற்றிய தூள் உலோகத்தில் ஒட்டிக்கொண்டு, அடுப்பில் 180 முதல் 200 டிகிரி சூட்டில் உருகி இறுகும். 60 முதல் 80 மைக்ரான் வரை கனம் நிற்கும். ஸ்பானர் இடித்தால் லேசில் பெயராது, ஆயில் சிந்தினால் துணியால் துடைத்துவிடலாம். டேப்பட் கவர், ஃபேன், பிராக்கெட் மாதிரியான தகட்டுப் பாகங்களுக்குத் தாராளமாகப் போடலாம்.

வார்ப்பிரும்பு என்று வந்தால்தான் தொல்லை. அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில் பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பாகம்), ஹெட் (அதன் மேல் மூடி) இரண்டுமே வார்ப்பிரும்பு. அதன் நுண்துளைகளில் பல வருஷத்து ஆயில் ஊறிக் கிடக்கும். எத்தனை முறை தின்னரில் கழுவினாலும், அடுப்பில் சூடேறியதும் அது பொட்டுப் பொட்டாகக் கசிந்து மேலே வரும். பூச்சில் குண்டூசி முனையளவு துளைகள் விழும். தூள் அடிப்பதற்கு முன் வெறும் பாகத்தை ஒருமுறை சுட்டு, கசிவதைத் துடைத்தெடுத்தால் ஓரளவு குறையும். அப்படிச் செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும்.

துளை இருந்துவிட்டால் உப்பீரம் உள்ளே இறங்கி, துரு பூச்சுக்கு அடியிலேயே ஊர்ந்து பரவும். மேலே பளபளப்பு அப்படியே இருக்கும். ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பினால் வெங்காயத் தோல் போலக் கழன்று வரும். அடியில் காவிப் பொடி. அந்த இடத்துக்கு மட்டும் ஒட்டுப் போட்டால் நிற்காது. மொத்தமும் உரித்து மறுபடி அடுப்புக்கு அனுப்ப வேண்டும். அதற்காகப் பிளாக்கைத் திரும்ப இறக்க யாருக்கு மனம் வரும்?

ஆகவே பிளாக்குக்கு என் ஓட்டு, எபாக்சி ப்ரைமர் என்கிற அடிப்பூச்சின் மேல், ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்) கலந்து அடிக்கும் பியூ பெயின்டுக்கு. ஓடும்போது பிளாக்கின் வெளிப்பக்கச் சூடு ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டை ஒட்டியே, ஏறத்தாழ 100 டிகிரிக்குள் இருக்கும். அதை இது தாங்கும். ஸ்ப்ரே டப்பாவில் வரும் எஞ்சின் எனாமல் இதைவிடச் சூடு தாங்கும்தான், ஆனால் பெட்ரோல் பட்டால் இளகிவிடுகிற எனாமல்கள் நிறைய. கார்புரேட்டர் கசியும் பழைய வண்டிக்கு அது சரிப்படாது. பியூ உரசுப்பட்டால் துரு உடனே வெளியே தெரியும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அந்த இடத்தில் மட்டும் ப்ரைமரும் பெயின்டும் தொட்டுவிட்டால் போதும்.

ஒரு எச்சரிக்கை. ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். பெயின்டர் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஸ்ப்ரே கன் பிடிப்பதை வண்டிக்காரர் அனுமதிக்கவே கூடாது. வெளிக்காற்று வரும் மாஸ்க் இல்லையென்றால், கையுறை போட்டுக் காற்றோட்டமான இடத்தில் பிரஷ்ஷால் பூசச் சொல்லுங்கள். பிளாக்கில் பிரஷ் தடம் தெரிந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

பத்மினியின் ஹெட் அலுமினியம். அதற்கு எட்ச் ப்ரைமர் (உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் அடிப்பூச்சு) அடிக்காமல் பெயின்ட் ஏற்றினால் உரியும். சுத்தம் செய்து அப்படியே விடுவதுதான் எனக்குப் பிடிக்கும்.

எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மானிஃபோல்டில் பவுடரும் பியூவும் கருகிவிடும். செராமிக் கோட்டிங் அதிக நாள் நிற்கும், செலவும் அதிகம். 600 டிகிரி தாங்கும் சிலிக்கான் அலுமினியப் பெயின்ட் மலிவு, அடிக்கடி புதுப்பிக்கவும் எளிது. சுத்தமான வெற்று இரும்பின் மேல் மெல்லிசாக அடிக்க வேண்டும். சாதாரண ப்ரைமர் வேண்டாம். சூடு பட்டால்தான் இது இறுகும். அதுவரை நகம் பட்டாலே கீறல் விழும். எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி கொஞ்சம் கூடுதலாக ஓடவிடுங்கள். முதல் ஓட்டத்தில் புகை வரும், பயப்பட வேண்டாம்.

சாதாரண நட்டு போல்ட்டுக்குத் துத்தநாக முலாம். கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தன்னை அரித்துக்கொண்டு இரும்பைக் காக்கும். கனெக்டிங் ராட் போல்ட், ஹெட் ஸ்டட் போன்ற உறுதி மிகுந்தவற்றை மட்டும் முலாமுக்குக் கொடுக்காதீர்கள்; அமிலத் தொட்டியில் ஹைட்ரஜன் ஏறி அவை முறியக்கூடும். குரோமியம் நம் கடலோரத்தில் சீக்கிரம் புள்ளி விழும், எஞ்சினுக்கு வேண்டாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் மாசிக்கும் சித்திரைக்கும் இடையில் வேலையை முடியுங்கள். அடைமழைக் காலத்தில், சுரண்டி வைத்த வெற்று வார்ப்பிரும்பு அன்றைக்கே சிவந்துவிடும். காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். பிளாக்கின் ஆயில் துவாரங்களை அடைக்காமல், துரு எடுக்க மணல் அடிக்க (சாண்ட் பிளாஸ்டிங்) விடாதீர்கள். உள்ளே தங்கும் ஒரு பொடி மணலே பேரிங்கைக் கீறிவிடும். எர்த் வயர் ஏறும் இடத்தையும் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். அங்கே பூச்சு ஏறினால் செல்ஃப் எடுக்காது.