புறநகர் ரயிலுக்குச் சொத்து வரியா, விற்பனை வரியா?

வட அமெரிக்காவில் புறநகர் ரயில் திட்டம் ஒன்று உள்ளாட்சி மன்றத்தின் முன் வரும்போது, ரயில் வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, அதற்கான பணத்தை எந்த வரியிலிருந்து எடுப்பது என்பதே பெரிய வாக்குவாதமாகிவிடுகிறது. எங்கள் மன்றம் நடத்திய கருத்துக் கேட்பில் நான் சொத்து வரியை ஆதரித்தே பேசினேன். சொந்த வீட்டுக்கு ஆண்டுதோறும் வரி கட்டுகிறவன், என் வரி உயரும் என்று தெரிந்தும் ஏன் அப்படிப் பேசினேன் என்பதை இங்கே விளக்க விரும்புகிறேன்.

எல்லாரும் அறிந்த வேறுபாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விற்பனை வரி ஒவ்வொரு ரசீதிலும் சில காசுகளாகக் கரைந்துவிடுவதால் அவ்வளவாக உறைப்பதில்லை. வெளியூரிலிருந்து வந்துபோகிறவர்களும் அதில் ஒரு பங்கைச் செலுத்துகிறார்கள். ஆனால் வருமானம் குறைந்த குடும்பம் தன் வருமானத்தில் பெரும்பகுதியைப் பொருள் வாங்குவதிலேயே செலவழிப்பதால், விகிதப்படி பார்த்தால் சுமை அதன்மேல்தான் கூடுதலாக இறங்குகிறது. சொத்து வரியோ ஆண்டுக்கு ஓரிரு முறை பெருந்தொகையாக வந்து நிற்பதால் எல்லார் கோபத்தையும் சம்பாதித்துக்கொள்கிறது.

என் முடிவைத் தீர்மானித்தது இவற்றில் எதுவும் அல்ல. தண்டவாளம் போட்டு, திறப்பு விழாவும் முடிந்த பிறகு ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கும் இயக்கச் செலவுதான். கட்டுமானத்துக்கு மேல்நிலை அரசுகளின் மானியம் கிடைக்கலாம், கடன் பத்திரம் வெளியிடலாம். அது ஒரு முறை நடந்து முடிகிற செலவு. ஓட்டுநர் சம்பளம், எரிபொருள் அல்லது மின்சாரம், பாதைப் பராமரிப்பு, பெட்டிகளைப் பழுதுபார்த்தல், சரக்கு ரயில் நிறுவனத்துக்குச் சொந்தமான பாதையாக இருந்தால் அதற்கான கட்டணம் ஆகியவை நிற்காத செலவுகள். வட அமெரிக்கப் புறநகர் ரயில்களில் பயணச்சீட்டு வருவாய் பெரும்பாலும் இவற்றை ஈடுகட்டுவதில்லை. மீதியை வரிதான் நிரப்ப வேண்டும். பொருளாதாரம் சரியும் ஆண்டில் வேலை இழந்தவர்கள் ரயிலேறுவதில்லை, எனவே கட்டண வருவாய் குறைகிறது. அதே ஆண்டில் மக்கள் வாங்குவதும் குறைவதால் விற்பனை வரியும் குறைகிறது. இரண்டு ஊற்றுகளும் ஒரே நேரத்தில் வற்றும்போது மன்றம் ரயில்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. ரயில் குறைந்ததால் இன்னும் சில பயணிகள் காருக்கே திரும்புகிறார்கள். சொத்து வரி இப்படித் திடீரென்று சரிவதில்லை. பல உள்ளாட்சிகளில் முதலில் தேவையான தொகையை நிர்ணயித்துவிட்டு, அதைச் சொத்துகளின் மொத்த மதிப்பின் மேல் பிரித்தே வரி விகிதம் வகுக்கப்படுகிறது; அங்கே வீட்டு விலை இறங்கினாலும் வருவாய் உடனே இறங்காது.

விற்பனை வரியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் டென்வர் நகரம் நல்ல எடுத்துக்காட்டு. 2004ஆம் ஆண்டு நவம்பரில் அங்குள்ள வாக்காளர்கள் ஃபாஸ்ட்ராக்ஸ் என்ற ரயில் விரிவாக்கத் திட்டத்துக்காக 0.4 சதவீதக் கூடுதல் விற்பனை வரிக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். 2008இல் தொடங்கிய பொருளாதாரச் சரிவில் வரி வருவாய் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தது; கட்டுமானச் செலவும் கூடியது. போல்டர் வழியாக லாங்மாண்ட் வரை போக வேண்டிய வடமேற்குப் பாதை, 2016இல் வெஸ்ட்மின்ஸ்டர் வரை மட்டுமே திறக்கப்பட்டது. போல்டரிலும் லாங்மாண்டிலும் இருப்பவர்கள் அதே வரியைக் கட்டிக்கொண்டே ரயிலுக்குக் காத்திருக்க நேர்ந்தது. குற்றம் முழுவதும் வரியினுடையது என்று சொல்ல மாட்டேன். சரக்கு ரயில் நிறுவனத்தின் பாதையைப் பயன்படுத்துவதற்கான செலவும் அங்கே பெரிய தடையாக இருந்தது.

கெடு வைத்த வரி இன்னொரு சிக்கல். கலிஃபோர்னியாவின் சோனோமா, மாரின் மாவட்டங்களில் ஓடும் ஸ்மார்ட் ரயிலுக்கு 2008இல் கால் சதவீத விற்பனை வரி 20 ஆண்டுகளுக்கு நிறைவேறியது. ரயில் ஓடத் தொடங்கியது 2017இல்தான். 2020 மார்ச்சில் வரியை நீட்டிக்கக் கேட்டபோது, தேவையான மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்கவில்லை. எதிர்ப்பக்கத்து உண்மையையும் சொல்ல வேண்டும்: அதே 2020இல், பெருந்தொற்றால் பயணிகளை இழந்திருந்த கால்ட்ரெயின் என்ற கலிஃபோர்னியப் புறநகர் ரயிலுக்கு 0.125 சதவீத விற்பனை வரிதான் கைகொடுத்தது. 1978இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவு என்ற சட்டம் சொத்து வரியை இறுகக் கட்டிவைத்திருக்கும் அந்த மாநிலத்தில், ரயிலை இயக்கும் செலவுக்குச் சொத்து வரியை உயர்த்துவது ஏறக்குறைய முடியாத காரியம். சட்டம் இடம் கொடுக்காத ஊரில் என் வாதத்துக்கு வேலையில்லை.

இரண்டையும் சேர்த்து எடுப்பதும் உண்டு. சியாட்டில் பகுதியில் 2016இல் நிறைவேறிய திட்டத்தில் விற்பனை வரி, வாகன வரி ஆகியவற்றுடன், 1,000 டாலர் மதிப்புக்கு 25 சென்ட் என்ற சொத்து வரியும் இடம்பெற்றது. 4 லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு இது ஆண்டுக்கு 100 டாலர். லண்டனோ குடியிருப்புகளைத் தொடாமல், நகரின் குறுக்கே ஓடும் கிராஸ்ரெயில் ரயில் பாதைக்காக 2010 முதல் பெரிய வணிகக் கட்டடங்களின் வரி மதிப்பில் ஒரு பவுண்டுக்கு 2 பென்ஸ் கூடுதலாக வசூலித்தது. பயன் பெறுகிறவரிடமே வாங்குவதால் நியாயமான வழிதான். ஆனால் அது கட்டுமானத்துக்கான ஏற்பாடு. பெரிய அலுவலகங்கள் நிறைந்த நகர மையம் இல்லாத புறநகர்களுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

சொத்து வரியின் உண்மையான குறை, வீட்டின் மதிப்பு உயர்வதால் கையில் பணம் சேர்ந்துவிடுவதில்லை என்பதுதான். நிலையம் வந்ததால் விலை கூடிய வீட்டில் ஓய்வூதியத்தை மட்டும் நம்பி வாழும் முதியவர், வீட்டை விற்காதவரை அந்த உயர்வைக் காணப் போவதில்லை. வரியை மட்டும் இன்றே கட்ட வேண்டும். வீடு கைமாறும்வரை வரியைத் தள்ளிவைக்கும் ஏற்பாடு வாஷிங்டன் மாநிலத்தில் தகுதியுள்ள முதியவர்களுக்கு இருக்கிறது. அதுபோன்ற விதி இல்லாத தீர்மானத்தை நான் ஆதரித்திருக்க மாட்டேன். வாடகைக்கு இருப்பவர்கள் மீது இந்த வரி எந்த அளவுக்கு இறங்கும் என்பதில் வீட்டு உரிமையாளனான என் அனுபவத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது சரியாக இராது; வீடுகள் பற்றாக்குறையாக உள்ள ஊரில் உரிமையாளர்கள் அதை வாடகையில் ஏற்றிவிடுவார்கள் என்ற அச்சத்தை ஒதுக்கிவிடவும் முடியாது. அதனால்தான் கட்டுமானக் கடனுக்கான வரியையும் இயக்கச் செலவுக்கான வரியையும் தனித்தனி வரிகளாக ரசீதில் காட்ட வேண்டும் என்றும், கடன் தீர்ந்த ஆண்டிலேயே கட்டுமானக் கடனுக்கான வரி தானாக நீங்க வேண்டும் என்றும் கருத்துக் கேட்பில் கேட்டுக்கொண்டேன்.